குப்பைப் புகையும் பெண் தொழிலாளியின் கருப்பையும்

பெங்களூருவின் பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றி எரிந்ததை நாடே பார்த்தது. ஏரியைப் பாழாக்கியதற்காகக் கர்நாடக அரசு 50 கோடி ரூபாயும் மாநகராட்சி 25 கோடி ரூபாயும் செலுத்த வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் உத்தரவிட்டது. ஏரிக்கு நேர்ந்த கேட்டுக்கு ஒரு தொகையாவது குறிக்கப்பட்டது. அந்நகரின் குப்பையை அள்ளி, அதன் புகையை அன்றாடம் சுவாசிக்கும் பெண்களின் உடலுக்கு நேரும் கேட்டை யார் கணக்கிடுவது?

பிளாஸ்டிக்கும் பிவிசி உறையிட்ட கம்பிகளும் திறந்தவெளியில் எரியும்போது டையாக்சின் என்னும் நஞ்சு உருவாகிறது. அது மண்ணிலும் புல்லிலும் படிந்து, பால், இறைச்சி, மீன் வழியாக மனித உடலின் கொழுப்பில் சேர்கிறது. அதன் அளவு பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கருப்பையின் உட்படலம் மாதந்தோறும் ஹார்மோன்களின் கட்டளைப்படி வளர்ந்து உதிர்வது. அந்தக் கட்டளையில் டையாக்சின் குறுக்கிடுகிறது. உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து கடும் வலியையும் சில வேளைகளில் மகப்பேறின்மையையும் தரும் நோய் எண்டோமெட்ரியோசிஸ். உலகில் சுமார் 19 கோடிப் பெண்களுக்கு இந்நோய் உள்ளது. டையாக்சின் கலந்த உணவு அளிக்கப்பட்ட பெண் குரங்குகளிடம், அளவு கூடக்கூட இந்நோயும் கூடியதாக 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

மனிதரிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை என்பது உண்மையே. இதைக் காட்டியே, நிரூபணம் வரட்டும் என்று முதலாளிகளும் அரசுகளும் காலம் கடத்துகின்றனர். ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்திலும் இதே வாதம்தான் வைக்கப்பட்டது. நிரூபணம் முழுமை பெறுவதற்குள் ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் மாண்டனர். ஐயம் இருக்கும் இடத்தில் பாதுகாப்பு தொழிலாளிக்கே கிடைக்க வேண்டும்.

பெங்களூருவின் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். பணி நிரந்தரம் கோரி 2022 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தே அவர்கள் அரசைப் பணிய வைத்தனர். குப்பையை எரிப்பவருக்கு 5,000 ரூபாய் அபராதம் என 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. ஆனால் போதிய வண்டியும் ஆளும் தராத ஒப்பந்ததாரரை விட்டுவிட்டுத் தீ மூட்டிய கையை மட்டும் தண்டித்தால் புகை அடங்காது.

மாதவிடாய் வலி பெண்ணின் விதி என்றே இன்றும் கருதப்படுகிறது. ஏழைப் பெண்ணுக்குப் பல இடங்களில் கிடைக்கும் ஒரே சிகிச்சை கருப்பையை அகற்றுவது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க 2023இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஈயம், பாதரசம், ஆர்செனிக் நஞ்சேற்றங்களைத் தொழில்நோய்களாகப் பட்டியலிட்டது. எண்டோமெட்ரியோசிஸ் அப்பட்டியலில் இல்லை.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. ஆண்டுதோறும் மகப்பேறு மருத்துவர் உள்ளிட்ட உடற்பரிசோதனை, ஊதியத்துடன் சிகிச்சை விடுப்பு, குப்பைக் கிடங்குகளைச் சுற்றியுள்ள மண்ணிலும் பாலிலும் டையாக்சின் அளவைச் சோதித்து முடிவைக் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிடுதல் ஆகியவை தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலேயே இடம்பெற வேண்டும். பெண்களின் நோயை மாதர் அமைப்பின் வேலை என்று ஒதுக்கிவைக்கும் சங்கம், தன் உறுப்பினர்களில் பாதிப்பேரைப் பாதுகாக்கும் பொறுப்பைக் கைவிடுகிறது.