முதலில் டீச்சருக்கு, பிறகு பிள்ளைக்கு

ஆரம்பப் பிரிவிலேயே பிள்ளைகளுக்குக் கணினி விஞ்ஞானம் கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. நல்லது. ஆனால் கற்பிக்கப் போகிறவர்களிடம் யாராவது கேட்டார்களா? கடந்த விடுமுறையில் எங்கள் ஊரான நல்லதண்ணியிலும் மஸ்கெலியாப் பக்கத்திலும் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் சில ஆசிரியைகளிடம் நான் கேட்டேன்.

ஒருவரும் “வேண்டாம்” என்று சொல்லவில்லை. “எதை வைத்து, எந்த நேரத்தில்?” என்றுதான் கேட்டார்கள். தமிழ், கணிதம், சுற்றாடல் என்று அநேகமாக எல்லாவற்றையும் ஒரே வகுப்பாசிரியைதான் படிப்பிக்கிறார். தரம் 5 வந்தால் புலமைப்பரிசில் பரீட்சை. “பெற்றோர் என்னிடம் கேட்பது வெட்டுப்புள்ளியை மட்டும்தான் மகள்” என்றார் ஒரு டீச்சர். “மவுஸைப் பிடிக்க முன்னர் பென்சிலைச் சரியாகப் பிடிக்கட்டும்” என்றார் இன்னொருவர்.

இந்தத் தயக்கத்தைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது மலையகப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேடுகளில் ஏறியதை நாடே பார்த்தது. வசதியுள்ள நாடுகளும் இதில் தடுமாறியிருக்கின்றன. இங்கிலாந்து 2014 செப்டெம்பரில் 5 வயதிலிருந்தே கணினிப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. 2017 இல் ரோயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கை, ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் ஆதரவும் கிடைக்கவில்லை என்று சுட்டிக்காட்டியது. அதன் பிறகுதான், 2018 இல், அவர்களைப் பயிற்றுவிக்கத் தேசிய மையம் ஒன்றை அமைத்தார்கள். பாடம் முந்தி வந்தது. பயிற்சி பிந்தி வந்தது. நாமும் அப்படிச் செய்ய வேண்டுமா?

கணினி வேறு, கணினி விஞ்ஞானம் வேறு என்பது என் கருத்து. நியூசிலாந்தின் கன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் 1990களில் கணினியே இல்லாமல் இதைக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார்கள். அதில் ஒரு விளையாட்டு: 1, 2, 4, 8, 16 புள்ளிகள் போட்ட ஐந்து அட்டைகளை ஐந்து பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். 8 உம் 1 உம் முகம் காட்டி, மற்றவை திரும்பி நின்றால் 9. இப்படி 0 முதல் 31 வரை எல்லா எண்களையும் காட்டலாம். உயர்தரத்தில் நாம் துவித எண்கள் என்று படிப்பது இதைத்தான்.

நம் மலைகளிலும் பாடம் இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருந்தால் கிள்ளு, இல்லாவிட்டால் விட்டுவிடு. தன் அம்மா தினமும் செய்யும் இந்த முடிவு, செய்நிரலில் வரும் நிபந்தனைதான் என்று தெரிந்தால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்! ‘அல்கோரிதம்’ என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. அவரிடம் ஏது கணினி?

“அப்படியானால் கொழும்புப் பிள்ளைக்குக் கணினி, தோட்டத்துப் பிள்ளைக்கு அட்டையா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அட்டை தொடக்கம் மட்டும்தான். கணினிக்கு அது பதிலாகாது. கணினியும் வரவேண்டும், அதைத் திருத்த ஆளும் வரவேண்டும். பழுதாகி, துணி போட்டு மூடி வைத்த கணினியை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது வரும்வரை ஐந்து வருடங்களை வீணாக்கக் கூடாது. சிந்திக்கப் பழகிய பிள்ளை அதன் முன் அமரும்போது, கேம் விளையாடுவதோடு நின்றுவிடாது.

ஆகவே, முதலில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுங்கள். பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி நமக்குக் கிட்டத்தான் இருக்கிறது. விடுமுறைதோறும் அங்கே சில நாள் பயிற்சி நடத்தலாம். தனிப் பாடமாகச் சுமத்தாமல், கணிதத்தோடும் சுற்றாடலோடும் வாரத்துக்கு ஒரு செயற்பாடாகச் சேர்க்கலாம்.

பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் “எத்தனை கணினி இருக்கிறது?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எங்கள் டீச்சருக்குப் பயிற்சி எப்போது?” என்றும் கேளுங்கள்.