கைவிடப்பட்ட காருக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?

2015-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் மூழ்கின. பல கார்களை, "இனி ரிப்பேர் செய்து பயன் இல்லை" என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைவிட்டன. சொந்தக்காரர்களுக்குப் பணம் கிடைத்தது.

இப்படிக் கைவிடப்படும் கார்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போவதில்லை. பல கார்கள் ஏலத்துக்கு வருகின்றன. ஏலம் எடுத்தவர் பழுது பார்த்து, வர்ணம் அடித்து, மலிவாக விற்கிறார். ஒரு நடுத்தரக் குடும்பம் ஆசையோடு வாங்குகிறது.

அந்தக் காருக்கு மறுபடியும் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

100-க்கு 75

முதலில், கம்பெனி ஏன் கைவிடுகிறது? காருக்கு இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் ஒரு மதிப்பு போடுவார்கள். ரிப்பேர் செலவு அந்த மதிப்பில் 100-க்கு 75-ஐத் தாண்டினால் "முழு நஷ்டம்" என்று முடிவு செய்வார்கள்.

பழைய கார் ஒன்றின் மதிப்பு 2 லட்சம் ரூபாய். புதிய கார் ஒன்றின் மதிப்பு 8 லட்சம். இரண்டுக்கும் ரிப்பேர் செலவு 1 லட்சத்து 60 ஆயிரம். பழைய கார் முழு நஷ்டம். புதிய கார் ஒர்க்ஷாப்புக்குப் போய்த் திரும்பி வந்துவிடும்!

ஆகவே, கைவிடப்பட்ட கார் எல்லாம் ஓடாத கார் அல்ல. ஆனால் வெள்ளத்தில் மூழ்கிய கார் வேறு ரகம். மின்சார ஒயர்களில் புகுந்த நீர் பல மாதம் கழித்துக்கூடத் தொல்லை கொடுக்கும்.

பதிவு உயிரோடு உள்ளதா?

இன்ஷூரன்சுக்கு அடிப்படை, வண்டியின் பதிவு. இனி உபயோகத்துக்கே ஆகாது என்ற வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பதிவு ரத்தானால் அந்தக் காரை ரோட்டில் ஓட்டவே கூடாது.

எல்லோரும் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. நொறுங்கிய காரின் ஆர்.சி. புத்தகத்தையும் சேசிஸ் நம்பரையும் திருட்டுக் காருக்கு மாற்றிய மோசடிகளை வட மாநிலப் போலீசார் பிடித்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு முறை உண்டு. கைவிடப்பட்ட கார்களை 2017 அக்டோபர் முதல் ஏ, பி, எஸ், என் என்று பிரிக்கிறார்கள். ஏ, பி கார்கள் மீண்டும் ரோட்டுக்கு வரக்கூடாது. எஸ், என் கார்கள் பழுது பார்த்தபின் வரலாம். நம் நாட்டில் அப்படி முத்திரை இல்லை. விசாரிக்கும் பொறுப்பு வாங்குகிறவர் தலையில் விழுகிறது.

மறைத்தால் ஆபத்து

பதிவு செல்லுபடியானால், சட்டம் கட்டாயமாக்கிய "தேர்டு பார்ட்டி" இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். அது அடிபட்ட பிறருக்குத்தான் நஷ்ட ஈடு தரும். சொந்தக் காரின் சேதத்துக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும். அதைக் கொடுக்குமுன் கம்பெனி காரைப் பரிசோதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம்.

பழைய கதையை மறைத்துப் பாலிசி எடுத்தால்? பிரீமியம் வாங்கும்போது யாரும் கேட்காமல் இருக்கலாம். விபத்து நடந்து பணம் கேட்கும்போது கம்பெனி பழைய கணக்கைப் புரட்டும். உண்மையை மறைத்ததாகக் கூறிப் பணம் தர மறுக்கலாம். கட்டிய பிரீமியமும் வீண், காரும் வீண்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை மூன்று. மத்திய அரசின் "வாகன்" பதிவேட்டில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பதிவைப் பார்க்க வேண்டும். சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பழைய கதையை எழுத்தில் சொல்லி, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் முன்பணம்!