ஆம்பளை மனசை அளக்க எந்த ஸ்கேல்?

பால்வினைத் தொற்று டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் ஆண்களுக்கு மனசு என்ன பாடுபடுதுன்னு அளக்கறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியான்னு நண்பர் ஒருத்தர் சிரிக்கிறார். சிரிங்க சாமி. அளக்கிறது தப்பே இல்லை. எதை வச்சு அளக்கிறாங்க என்பதில்தான் என் சண்டை.

ஹெச்பிவி-யை எடுத்துக்குவோம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான வைரஸ். டெஸ்டும் பயமும் குற்றவுணர்ச்சியும் பொம்பளைங்க தலையில். ஆண்? கடிதம் கொடுத்துட்டுப் போற கூரியர்காரர் மாதிரி, கணக்கிலேயே வரமாட்டார். 2005-ல் தொடங்கி அமெரிக்கா, பிரேசில், மெக்சிகோவில் 18 முதல் 70 வயது வரை ஆண்களைப் பின்தொடர்ந்தார்கள், ஹிம் ஆய்வு என்று பேர். அதில் பாதிப் பேருக்குக் குறையாமல் இந்த வைரஸ் இருந்தது. பாதிக்குப் பாதி மக்களே! பெரும்பாலும் தானாகவே போயும் விடுகிறது. "உனக்கு இருக்கு, வைரஸுக்கு மருந்து இல்லை, ஆனா பயப்படாதே" என்று ஒரு மனுஷன் கையில் ரிசல்ட்டைக் கொடுத்தால் அவன் என்ன ஆவான்? கேட்க வேண்டிய கேள்விதானே.

ஆனா இந்த மாதிரி விஷயத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் சட்டுன்னு கையில் எடுப்பது ஹாட்ஸ். 1983-ல் ஜிக்மண்டும் ஸ்னெய்த்தும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்காகச் செய்தது. 14 கேள்வி, 7 பதற்றத்துக்கு, 7 மனச்சோர்வுக்கு. புத்தகம், ரேடியோ, டிவி ரசிக்க முடியுதான்னு எல்லாம் கேட்கும். வெட்கத்தைக் கேட்காது. கோபத்தைக் கேட்காது. "யார்கிட்டேர்ந்து வந்திருக்கும்?"னு ராத்திரி மூணு மணிக்குக் குடையுதே, அதைக் கேட்கவே கேட்காது. நம்மாளு "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்"னு வரிசையா சைபர் போட்டுட்டு எழுந்து போயிடுவார். உடனே முடிவு: ஆண்கள் பெரிதாகக் கலங்குவதில்லை!

இதைவிட 1979-ல் ஹொரோவிட்ஸ் குழு செய்த 15 கேள்வி அளவுகோல் தேவலை. நினைக்காம இருக்கப் பார்க்கிறதையும், பேச்சைத் தவிர்க்கிறதையும் அது பாதிப்பாகவே எண்ணும். வாயை மூடிக்கொள்ளும் ஆண் அதிலாவது மாட்டுவான்.

மார்க் குறைஞ்சா யாருக்கு நஷ்டம்? 'கலக்கமில்லை'ன்னு எழுதிட்டா ஆணுக்குக் கவுன்சலிங் எதுக்குன்னு கைகழுவிடலாம். பேச யாருமில்லாத ஆள் வீட்டில் சொல்லமாட்டான். ஸ்க்ரீனிங் பக்கமே போகாத மனைவி அப்படியே இருப்பாள். வெட்கம், ஆத்திரம், பழி போடுதல், மறைத்தல் எல்லாத்துக்கும் தனித்தனிக் கேள்வி வையுங்க. கூடவே ரெண்டு கேள்வி: ரிசல்ட்டை யார்கிட்ட சொன்னே? எத்தனை நாள் கழிச்சு?

டிஸ்கி: "ஆம்பளைக்கு எதுக்குய்யா மனசு?" என்று பின்னூட்டம் போட வருபவர்கள், முதலில் அந்த 15 கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு வரவும்.