ஹேச்சரிக் கடக்நாத் அசல் இல்லையா?

கடக்நாத் கோழி வளர்க்க ஆசைப்படுபவரிடம் முதலில் சொல்லப்படுவது இதுதான்: "ஹேச்சரிக் குஞ்சை மட்டும் வாங்கிடாதீங்க, எல்லாம் கலப்பு. வீட்ல வளர்க்கிறவங்ககிட்ட வாங்குங்க." சொல்பவர் வீட்டிலேயே விற்பனைக்குக் குஞ்சு இருப்பதும் உண்டு. அது போகட்டும், வாதம் தேறுமா என்று பார்ப்போம்.

அசலைக் கண்டுபிடிக்க அவர்கள் சொல்லும் சோதனை நிறம். நாக்கும் கறியும் எலும்பும் கருப்பாக இருந்தால் அசலாம். ஆனால் அந்தக் கருப்பைத் தரும் மரபணு ஓங்கு தன்மை கொண்டது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து வந்தாலே சதை வரை கருமை ஏறக்கூடும். பரேலியை அடுத்த இசத்நகரில் உள்ள மத்திய பறவையின ஆராய்ச்சி நிலையம் கடக்நாத்தையும் காரி ரெட் என்ற இன்னொரு ரகத்தையும் கலந்து 'காரி ஷ்யாமா' என்ற கோழியை உருவாக்கியது. அறிவித்தே செய்த கலப்பு அது, உள்ளுறுப்புகளில் பெரும்பாலானவை கருப்புதான். நிறச் சோதனையில் அதுவும் தேறிவிடும்.

எடை அதைவிட நல்ல சாட்சி. வளர்ந்த கடக்நாத் சேவல் ஒன்றரைக் கிலோ, பெட்டை ஒரு கிலோ என்ற அளவில்தான் நிற்கும். முட்டை வருஷத்துக்கு நூறை ஒட்டி இருந்தால் அதிகம். "ஹேச்சரிக் கோழி வளரவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்பவர், தன்னை அறியாமல் அசலுக்கே சான்று தருகிறார். சந்தேகப்பட வேண்டியது மூன்றே மாதத்தில் இரண்டு கிலோ வரும் 'கடக்நாத்'தைத்தான்.

"கொஞ்சமாக வளர்த்தால் ரத்தம் சுத்தமாக இருக்கும்" என்பது அடுத்த வாதம். உண்மை இதற்கு நேர் எதிர். இனவிருத்தியில் ஒரு கணக்கு உண்டு: சேவல்களின் எண்ணிக்கையைப் பெட்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தப் பறவைகளால் வகுப்பது. ஒரு சேவலும் 10 பெட்டையும் என்றால் விடை 3.6தான். அதாவது கொட்டகையில் 11 பறவை நின்றாலும் மரபு வகையில் நான்குகூடத் தேறாது. ஒவ்வொரு தலைமுறையிலும் உறவுக்கலப்பு சுமார் 14 சதவீதம் கூடும். 20 சேவலும் 200 பெட்டையும் வைத்திருக்கும் ஹேச்சரியில் அதே விடை கிட்டத்தட்ட 73. கூடுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. உறவுக்கலப்பு ஏற ஏற முட்டை பொரிப்பது குறையும், குஞ்சு நோஞ்சானாகும். வளர்ப்பவருக்கும் இது தெரியும். "ரத்தம் மாத்தணும்" என்று பக்கத்து ஊரிலிருந்து சேவல் கொண்டுவந்து விடுவார். அந்தச் சேவலின் அப்பன் யார்? கலப்பு நுழையும் வாசல்களில் இதுவும் ஒன்று.

ஹேச்சரிக் கோழி அடை படுக்காது, அதுவே கலப்புக்கு அடையாளம் என்பார்கள். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதிகளில் பில் பழங்குடியினர் வளர்க்கும் கடக்நாத்தும் ஒழுங்காக அடை படுக்காத இனம்தான். ஜாபுவாவிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இன்குபேட்டர் வைத்துக் குஞ்சு பொரித்துத் தருகிறது. 2018இல் புவிசார் குறியீடு பெற்ற ஜாபுவா கடக்நாத்துக்கே இன்குபேட்டர் இழுக்கில்லை. ஈரோட்டு ஹேச்சரியில் மட்டும் எப்படி இழுக்காகும்?

ஹேச்சரிக் குஞ்சு சீக்கிரம் செத்துப்போகும் என்ற வாதத்தை நீட்ட வேண்டியதில்லை. கோழிகளுக்கு வரும் மாரெக்ஸ் நோய்க்கான தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த அன்றே போட வேண்டும். குப்பிகள் பெரும்பாலும் ஆயிரம் டோஸ் அளவில் வருகின்றன. கலக்கியதை உடனே தீர்த்தாக வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் எங்கே போய்ப் போடுவார்? முதல் வாரம் குண்டு பல்பின் சூடு போதாமல் சாகும் குஞ்சுக்கு இனத்தின் மீது பழி போடுவதும் சரியில்லை.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று சொல்லவில்லை. ஹேச்சரி என்று போர்டு மாட்டிவிட்டு, கண்ட இடத்தில் முட்டை வாங்கிப் பொரித்து விற்கும் தரகர்கள் இருக்கிறார்கள். தாய்க்கோழிப் பண்ணை எங்கே, சேவல் எத்தனை என்று கேட்டால் மழுப்புவார்கள். அவர்களை விட்டு விலகுவதே நல்லது. அழகுக்காக வளர்க்கும் கிளிமூக்கு விசிறிவால் சேவல் வேண்டுமென்றாலும் ஹேச்சரி பக்கம் போக வேண்டாம். மூக்கின் வளைவையும் வாலின் விரிவையும் பார்த்துப் பார்த்துக் கழித்துக்கட்டும் கண், தட்டு தட்டாக முட்டை அடுக்கும் இடத்தில் கிடைக்காது. ஆனால் கடக்நாத்தை யாரும் மூக்கைப் பார்த்து வாங்குவதில்லை.