பாதி உண்மை சொல்லி மீன் விற்கலாமா?

வர்ண மீன் வியாபாரம் செய்யும் சகோதரர்களிடம் வாடிக்கையாளர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மாண்டரின் மீனையும் கடற்குதிரையையும் ஒரே தொட்டியில் விடலாமா?"

"விடலாம்" என்று சொல்லி இரண்டையும் விற்றுவிடலாம். அது பொய்யுமல்ல. இரண்டும் சாதுவானவை. ஆனால் அது பாதி உண்மைதான்.

மாண்டரின், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்துக் கடல் மீன். பகல் முழுக்கக் கற்களில் ஊரும் மிகச் சிறிய உயிர்களைக் கொத்தித் தின்னும். கடைத் தீனைப் பெரும்பாலும் தொடாது. கடற்குதிரைக்கு இரைப்பையே இல்லை. நாளுக்கு இரண்டு மூன்று தடவை தீன் வேண்டும். அதுவும் அதே சிற்றுயிர்களைத் தின்னும். புதிய தொட்டியில் அவை தீர்ந்ததும் மாண்டரின் மெலிந்து செத்துப்போகும். நட்டம் வாங்கியவருக்கு, கெட்ட பெயர் நமக்கு.

வல்வெட்டித்துறை போன்ற கரையோர ஊர்களில், வலையில் வரும் கடற்குதிரையை விற்றால் என்ன என்று சிலருக்குத் தோன்றலாம். குஞ்சு சுமப்பது ஆண் கடற்குதிரை. அதைப் பிடித்தால் குஞ்சுகளும் போய்விடும். 2004 மே முதல் கடற்குதிரையின் சர்வதேச வர்த்தகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிப்பதே குற்றம்.

ஆகவே, பண்ணையில் பிறந்து, ஐஸில் வைத்த சிறு இறாலைத் தின்னப் பழகிய கடற்குதிரையையே கொள்முதல் செய்யுங்கள். அது தின்பதை வாங்குபவருக்குக் காட்டிக் கொடுங்கள். மாண்டரின் கேட்பவரிடம், "தொட்டிக்கு ஆறு மாதமாவது ஆகட்டும்" என்று சொல்லுங்கள். இன்றைய விற்பனை ஒன்று தள்ளிப்போகும். ஆனால் அந்த வாடிக்கையாளர் திரும்பவும் நம் கடைக்கே வருவார்.