வாங்கியவர் திறக்கட்டும்

பாரிஸிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவு அனுப்பிய கைத்தொலைபேசி உடுப்பிட்டியில் பழுதானால், அது போகும் வழி வடமராட்சியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் சந்திக் கடை. அங்கே சரிவராவிட்டால் நெல்லியடி. அதற்கும் மேலே யாழ்ப்பாண நகரம். அங்கேயும் கையை விரித்தால் கொழும்புக்குப் பொதி செய்து அனுப்ப வேண்டும். அங்கிருந்து வரும் செலவுக் கணக்கைப் பார்த்தால் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்று தோன்றும். இந்த அலைச்சலுக்குக் காரணம் எங்கள் பிள்ளைகளுக்குத் தொழில் தெரியாது என்பதல்ல. கருவியைச் செய்தவர்கள், வெளியார் எவரும் அதைத் திறக்கக் கூடாது என்று எண்ணியே செய்கிறார்கள். அந்த எண்ணத்தின் முதற்பூட்டு, ஐபோனில் சார்ஜர் செருகும் துளைக்கு இருபுறமும் மட்டுமட்டாகக் கண்ணுக்குத் தெரியும் இரண்டு திருகாணிகள்.

இந்தப் பூட்டை இலங்கைச் சட்டம் இனியும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் கருவியைத் திறக்கவும், தான் நம்பும் ஒருவரைக் கொண்டு திருத்துவிக்கவும் உரிமை உண்டு. கையில் பிடித்துப் பாவிக்கும் எந்த மின்னணுக் கருவியும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆயுதத்தால் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை விற்பனைக்கான நிபந்தனையாகவே அரசு விதிக்க வேண்டும்.

வழமைக்கு மாறான எல்லா ஆணிகளும் கெட்டவை அல்ல. ஆறு முனை நட்சத்திரத் தலை கொண்ட டோர்க்ஸ் ஆணி 1967இல் வந்தது. முறுக்கும்போது ஸ்குறூட்றைவர் வழுக்காமல் விசையை முழுதாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். சமாதான காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த நோக்கியா 3310, 1100 போன்களில் இருந்தது அந்த வகைதான். அவற்றின் பின்மூடியும் பற்றறியும் வெறுங்கையாலேயே கழன்றன. அந்த ஆணி யாரையும் வெளியே நிறுத்தவில்லை.

ஐந்து இதழ் கொண்ட பென்டலோப் ஆணியின் கதை வேறு. அப்பிள் நிறுவனம் அதை முதலில் 2009இல் தன் மடிக்கணினி ஒன்றின் பற்றறியைப் பிடித்துவைக்கப் பயன்படுத்தியது. 2010இல் ஐபோன் 4 வெளிவந்தபோது அதன் அடியில் சாதாரணக் குறுக்குத் தலை ஆணிதான் இருந்தது. பின்னர், அப்பிளிடமே திருத்தக் கொண்டுபோன போன்கள் சில, பழைய ஆணி கழற்றப்பட்டு ஐந்து இதழ் ஆணி பூட்டப்பட்டுத் திரும்பி வந்தன. வாங்கியவரிடம் ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. திருத்தும் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் ஐஃபிக்சிட் நிறுவனம் 2011 ஜனவரியில் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அந்தத் தலைக்குப் பொருந்தும் ஸ்குறூட்றைவர் அப்போது பொதுச் சந்தையில் எளிதில் கிடைக்கவில்லை. ஆணியின் பிடிப்பு ஒரு மயிரிழை கூடக் கூடவில்லை. திறக்கக் கூடியவர்களின் தொகைதான் குறைந்தது. நின்ரெண்டோவும் தன் விளையாட்டுக் கருவிகளில் மூன்று சிறகுத் தலை ஆணியை நீண்ட காலமாகவே பயன்படுத்தி வருகிறது.

இன்று ஐந்து இதழ் ஸ்குறூட்றைவர் நெல்லியடிக்கும் வந்துவிட்டதே, பிறகென்ன குறை என்று கேட்பவர்கள், திருத்தும் மேசையின் முன்னால் ஒரு பகல் இருந்து பார்க்க வேண்டும். மலிவாக வந்து இறங்கும் ஸ்குறூட்றைவரின் முனை மெல்லிய இரும்பு. நாலைந்து போன் திறந்ததும் மழுங்கிவிடும். மழுங்கிய முனை 0.8 மில்லிமீற்றர் குழியைத் தேய்த்துவிடும். தேய்ந்த ஆணியைப் பிறகு எந்த முனையும் பிடிக்காது. அப்போது றப்பர் துண்டை இடையில் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். பேனாவின் பிளாஸ்ரிக் முனையை உருக்கி ஆணித் தலையில் வைத்து, இறுகியதும் திருப்பிப் பார்ப்பார்கள். எதுவும் பலிக்காவிட்டால் துளைபோட வேண்டும். துளைபோடும்போது உதிரும் உலோகத் தூள் ஒரு துணிக்கை சுற்றுப்பலகையில் விழுந்தாலே போதும், பற்றறி மாற்ற வந்த போன் செத்துப்போகும். இத்தனைக்கும் வந்த வேலை ஒரு பற்றறி மாற்றம் மட்டுமே.

உள்ளே போனால் இன்னும் இருக்கிறது. ஐபோன் 7இலிருந்து உள்ளேயும் மூன்று முனை ஆணிகள் வந்துவிட்டன. ஒரே மூடியைப் பிடிக்கும் ஆணிகளே ஒரு மில்லிமீற்றரில் சில பத்திலொரு பங்கு நீள வேறுபாட்டோடு இருக்கும். நீள ஆணியைக் குட்டை ஆணியின் துளையில் முறுக்கினால், அது சுற்றுப்பலகையின் உள்ளே ஓடும் செப்புத் தடத்தை அறுத்துவிடும். அதன் பின் அந்தப் போனைக் காப்பாற்றுவது பெரும்பாடு. எந்த ஆணி எந்தத் துளைக்கு என்ற படம் நிறுவனத்திடம் இருக்கிறது. அது கையில் இல்லாத எங்கள் திருத்துநர் வெள்ளைத் தாளில் போனின் உருவை வரைந்து, கழற்றிய ஒழுங்கிலேயே ஆணிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துக்கொள்கிறார். அந்தக் கவனத்துக்கும் பொறுமைக்கும் நாம் தலைவணங்குகிறோம். ஆனால் எல்லா மாதிரிகளுக்கும் ஒரு பக்கப் படத்தை வெளியிட்டிருந்தால் தேவைப்பட்டிராத உழைப்பு அது.

திருத்தித் திருத்தியே உயிர்வாழ்ந்த மண் இது. போர்க்காலத்தில், 1990இல் மின்சாரம் போனது. ஏ9 பாதை மூடப்பட்டது. எரிபொருள், சீமெந்து, யூரியாவோடு பற்றறியும் அரசின் தடைப் பட்டியலில் ஏறியது. அந்த ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் றேடியோச் செய்தி கேட்டவர்கள் இன்றும் எங்கள் நடுவே இருக்கிறார்கள். சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களை யாரும் மறக்கவில்லை. அதெல்லாம் முடிந்தது எப்படி? அன்றைய றேடியோவின் பின்மூடி சாதாரண ஸ்குறூட்றைவருக்குத் திறந்தது. சில றேடியோக்களின் உட்புறத்தில் சுற்றுப் படமே ஒட்டப்பட்டிருந்தது. இன்றைய போன்களைப்போல ஒட்டி, பூட்டி, முத்திரையிட்டு வந்திருந்தால் அந்த றேடியோக்கள் முதல் வருடத்திலேயே ஊமையாகியிருக்கும். தடை போட்டவர்களை எதிர்த்து அன்று வென்ற கெட்டித்தனத்தை, இன்று பொருளை விற்பவர்களே தடுக்கிறார்கள்.

2022இல் வேறு விதமாக அதே பாடம் வந்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் முந்நூற்று அறுபதைத் தாண்டியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. இருக்கும் போனைத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லாத குடும்பங்கள் எத்தனை! கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடமாக இருந்ததும் அதே உடைந்த கண்ணாடிப் போன்தான்.

பூட்டுக்கு ஆதரவாக நிறுவனங்கள் முக்கியமாக மூன்று நியாயங்களைச் சொல்கின்றன. பாதுகாப்பு என்பது முதலாவது. மைக்ரோவேவ் அடுப்புக்கு அதை ஒப்புக்கொள்கிறோம். மின்செருகியைக் கழற்றிய பின்னும் அதன் கொள்ளளவியில் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். அதற்குப் பூட்டு வேண்டும். நாலு வோல்ட் அளவில் இயங்கும் போனில் அந்த ஆபத்து இல்லை. லித்தியம் பற்றறியைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கலாம் என்பது உண்மை. அதனாலேயே அதைச் சுலபமாகக் கழற்ற முடிய வேண்டும் என்கிறோம். எங்கள் வெக்கைக்குப் பற்றறி விரைவில் மூப்படைகிறது, ஊதுகிறது. ஊதிய பற்றறியைத் திறந்து எடுக்க முடியாமல், பிள்ளைகள் படுக்கும் அறையின் அலுமாரிக்குள் போட்டுவைத்திருப்பதை எந்தக் கணக்கில் பாதுகாப்பு என்பது?

இரண்டாவது, தண்ணீர் புகாமை. இதை வல்வெட்டித்துறை, பொலிகண்டிக் கரைகளில் தொழிலுக்குப் போகிறவர்களிடம் வைத்துப் பார்க்கலாம். வலை விட்ட இடத்தைக் குறித்து வைக்கவும் இருட்டில் கரை திரும்பவும் கையடக்க ஜி.பி.எஸ். கருவி கடற்றொழிலாளர் பலரிடம் இருக்கிறது. உப்புக்காற்றுப் பட்டு பற்றறித் தொடுமுனை பச்சை பூத்துப்போனால், சுரண்டித் துடைத்து மூடுகிற வேலைதான். தண்ணீரைத் தடுப்பது ஆணித் தலையின் வடிவம் அல்ல, மூடியைச் சுற்றி ஓடும் றப்பர் வளையம். அந்த வளையத்தை உதிரிப்பாகமாக விற்றால், திறந்த பின்னும் பழையபடி தண்ணீர் புகாமல் மூடலாம். வளையத்தையும் விற்காமல், ஆணியையும் திறக்கவிடாமல், திறந்தால் தண்ணீர் புகும் என்று பயமுறுத்துவது நேர்மையான பேச்சல்ல.

மூன்றாவது நியாயம் களவு. களவெடுத்த போனின் பாகங்கள் சந்தைக்கு வருமாம். களவைத் தடுக்க, உரிமையாளரின் கணக்கோடு போனை முடக்கும் வசதி ஏற்கெனவே உண்டு. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதைச் சாட்டாக வைத்து, நேர்மையாக வாங்கிய திரையையும் பற்றறியையும் கூட மென்பொருள் ஏற்க மறுப்பது திருத்துநரின் வயிற்றில் அடிப்பது. ஆணி, பசை, மென்பொருள் என்று பூட்டு உள்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2024இல் இந்த மென்பொருட் பூட்டுக்கு எதிராகவே சட்டம் இயற்றியது.

தூக்கி எறியும் கருவி எங்கே போகிறது என்பது யாழ். குடாநாட்டுக்கு மற்ற எந்த மாவட்டத்தையும் விடப் பெரிய கேள்வி. உலகம் 2022இல் கழித்த மின்னணுக் குப்பை 6.2 கோடி தொன். அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 வீதம் மட்டுமே. எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. குடிக்கிறதும் இறைக்கிறதும் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் நீரைத்தான். மேலே கொட்டியது விரைவில் கீழே இறங்கும் நிலம் இது. சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த கிணறுகளின் வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பணம் கொடுக்கலாம், கிணற்றைத் திருப்பிக் கொடுப்பது எப்படி? இன்னும் இரண்டு வருடம் உழைக்கக்கூடிய போன், ஒரு ஆணிக்காகக் குப்பைக் கிடங்குக்குப் போவதை இந்த நிலத்தில் அனுமதிக்க முடியாது.

வெளிநாடுகள் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. பிரான்ஸ் 2021இலிருந்து கைத்தொலைபேசி உட்படச் சில கருவிகளுக்குத் திருத்தத்தகு புள்ளியைப் பத்துக்கு இத்தனை என்று விற்பனை இடத்திலேயே காட்டச் செய்தது. கழற்றுவது எவ்வளவு சுலபம், எந்த வகை ஆணி, எந்த ஆயுதம் வேண்டும் என்பவையும் அந்தப் புள்ளிக் கணக்கில் சேர்ந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20இலிருந்து புதிய கைத்தொலைபேசிகளுக்கும் டப்லட்டுகளுக்கும் கட்டாய விதிகள் நடைமுறையில் உள்ளன: ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் ஏழு வருடம் முக்கிய உதிரிப்பாகங்கள் கிடைக்க வேண்டும், கழற்றும் ஆணிகள் மீளப் பூட்டக்கூடியவையாக இருக்க வேண்டும், அல்லது புது ஆணி பாகத்தோடு சேர்ந்து வர வேண்டும். இந்திய அரசும் 2022இல் திருத்தும் உரிமைக்கெனக் குழு அமைத்து, அவ்வருட இறுதியில் இணையவாசலும் திறந்தது.

பாரிஸின் லா சப்பலில் ஒருவர் ஒரே மாதிரிப் போன் இரண்டு வாங்குகிறார். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை உடுப்பிட்டியில் இருக்கும் தாய்க்கு அனுப்புகிறார். மகனின் போனுக்கு ஏழு வருட உதிரிப்பாக உரிமை. தாயின் போனுக்கு எதுவும் இல்லை. பொருள் ஒன்று, விலை ஒன்று. இந்த வேறுபாட்டை எங்கள் அரசு ஏன் பொறுத்துக்கொள்கிறது?

இதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருட்களின் அடையாளமிடல், விற்பனை போன்றவை பற்றி உற்பத்தியாளருக்கும் வர்த்தகருக்கும் பணிப்புரை வழங்கும் அதிகாரத்தை அந்தச் சபைக்குக் கொடுத்திருக்கிறது. பெட்டியின் மேல் எந்த ஆணி, எந்த ஆயுதம், பற்றறி மாற்றச் செலவு எவ்வளவு என்று மூன்று மொழியிலும் எழுதச் சொல்லி நாளைக்கே பணிக்கலாம். ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் வெளியிடும் திருத்தக் கையேட்டையும் விற்கும் உதிரிப்பாகத்தையும் இலங்கையிலும் அதே நிபந்தனையில் தரவேண்டும் என்று இறக்குமதியாளரைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதி அடுத்த படியாக வரட்டும். வட மாகாண சபை 2018 ஒக்ரோபரிலிருந்து மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் கிடப்பதால், இந்தக் கோரிக்கையை எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான் கொழும்பில் எழுப்ப வேண்டும்.

திருத்துநர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. திறக்கும் உரிமை கேட்கும்போது திறந்த பின் வரும் பொறுப்பும் எங்களுடையதே. போனைக் கையில் கொடுப்பவர் தன் படங்களையும் கடிதங்களையும் வங்கிக் கணக்கையும் சேர்த்தே கொடுக்கிறார். பற்றறி மாற்றக் கடவுச்சொல் தேவையில்லை என்று சொல்லிக் கேட்காமல் விடும் கடைக்கே பெண்கள் நம்பிப் போவார்கள். கழற்றிய பழைய பாகத்தை உரியவரிடம் காட்டுங்கள். போட்டது நிறுவனத்தின் பாகமா வேறு பாகமா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழுக்கான பாடத்தில் பழைய போன்களை மட்டும் வைத்துக்கொண்டிருக்காமல், இன்றைய ஆணிகளுக்கு நல்ல உருக்கு முனைகளையும் தீப்பிடித்தால் அணைக்கும் மணல் வாளியையும் ஒவ்வொரு மேசைக்கும் கொடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விட விரைவாகச் செய்யக்கூடியது ஒன்று அரசின் கையிலேயே இருக்கிறது. பாடசாலைகளுக்கும் கணக்கெடுப்புகளுக்கும் டப்லட்டுகளை மொத்தமாக வாங்குவது அரசு. அடுத்த கேள்விமனுவில் இரண்டு வரி சேர்க்கட்டும்: சாதாரண ஸ்குறூட்றைவரால் திறக்க முடியாத கருவி ஏற்றுக்கொள்ளப்படாது, உதிரிப்பாகங்களும் திருத்தக் கையேடும் ஏழு வருடத்துக்கு உறுதி செய்யப்படாத கருவியும் ஏற்றுக்கொள்ளப்படாது.