நாரி நோ வீரத்தின் விருது அல்ல

யாழ்ப்பாணத்தில் நாரிப்பிடிப்பு என்று சொல்வார்கள். இடுப்புக்கு மேலே, முள்ளந்தண்டின் அடிப்பகுதியில் பிடித்துக்கொள்ளும் அந்த நோவைத் தோட்டக்காரரும் லொறிச் சாரதியும் பட்டால் அது நோய். பந்தயப் பாதையில் கார் ஓட்டுபவர் பட்டால் மட்டும் அது வீரத்தின் அடையாளமாகிவிடுகிறது. இந்த மூடநம்பிக்கையைத்தான் இங்கே கேள்விக்குட்படுத்த விரும்புகிறேன்.

2022 ஜூன் 12 அன்று அஸர்பைஜானின் பாக்கு நகரில் நடந்த போர்முலா 1 பந்தயத்தை நினைவுகூருங்கள். நான்காவதாக வந்த லூயிஸ் ஹமில்டன், முதுகைக் கையால் பிடித்தபடி, மிகுந்த சிரமத்துடன் காரிலிருந்து இறங்கினார். அந்த ஆண்டின் புதிய விதிகளின்படி கார்களின் அடித்தளமே அவற்றைப் பாதையை நோக்கி உறிஞ்சி இழுத்தது. தளம் பாதையை நெருங்கிக் காற்றோட்டம் தடைப்பட்டதும் இழுவிசை அறுந்து கார் எழும்பியது. எழும்பியதும் மீண்டும் இழுக்கப்பட்டது. நேர்ப்பாதை முழுவதும் இந்தக் குத்துதலைச் சாரதிகளின் முள்ளந்தண்டு தாங்கியது.

அப்போது எழுந்த வாதம் என்ன? வலிப்பதாகக் கூச்சலிடுவது விதியை மாற்றுவதற்கான தந்திரம் என்றார்கள். வலித்தால் காரை உயர்த்தி ஓட்டட்டும் என்றார்கள். ஆனால், உயர்த்தினால் வேகம் குறையும். வேகத்துக்காக முதுகை அடகு வைக்கும் முடிவைச் சாரதியிடமோ அணியிடமோ விட முடியாது என்பதைச் சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனம் சில நாட்களிலேயே உணர்ந்து தலையிட்டது. அதிர்வுக்கு அளவுகோல் வகுக்கப்பட்டது. 2023இல் தளத்தின் விளிம்பு 15 மில்லிமீற்றர் உயர்த்தப்பட்டது. குற்றம் மனிதனின் முதுகில் அல்ல, இயந்திரத்தின் அமைப்பில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா?

தன் உடலுக்கென்றே வார்க்கப்பட்ட ஆசனத்தில் அமர்பவருக்கே இந்தக் கதி. அப்படியானால், கட்டணம் செலுத்திச் சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டும் ‘ட்ராக் டே’ ஆர்வலரின் நிலை என்ன? சில்வர்ஸ்ரோனுக்கும் பிராண்ட்ஸ் ஹட்சுக்கும் போகிறவர்கள் ரயருக்குச் செலவிடுகிறார்கள், பிறேக்குக்குச் செலவிடுகிறார்கள், காரைத் தாழ்த்தி விறைப்பான சுருள்வில்களைப் பூட்டுகிறார்கள். ஆசனம் கடைசி. அதையும் உட்கார்ந்து பாராமலே வாங்குகிறார்கள்.

சாதாரண ஆசனமும் மூன்று முனைப் பட்டியும் வளைவுகளில் உடலைப் பக்கவாட்டில் பிடித்து வைப்பதில்லை. ஆகவே ஓட்டுபவர் ஸ்டியரிங்கில் தொங்கியும் இடது காலை ஊன்றியும் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறார். அந்த உழைப்பு முழுவதும் இடுப்புத் தசைகளின் தலையில் விழுகிறது. ஆசனத்தில் சரிந்து அமர்ந்தாலோ இடுப்பெலும்பு பின்னே உருண்டு, கீழ்முதுகின் இயல்பான வளைவு அழிந்து, தட்டுகளின் மேல் சுமை ஏறுகிறது.

தடுக்கும் வழிகள் மறைபொருள் அல்ல. இடுப்பை ஆசனத்தின் அடிமூலை வரை தள்ளி அமர வேண்டும். பிறேக்கை முழுதாக மிதித்த பின்னும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். தோள் ஆசனத்தை விட்டு விலகாமல் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படிய வேண்டும். கீழ்முதுகுக்குத் தாங்கல் இல்லையேல் ஆசனத்தோடு அசையாமல் இணைந்த தாங்கல் வேண்டும். வழுகி விழும் தலையணை ஆபத்து. இடது காலுக்கு ஊன்றுமிடம் வேண்டும். பந்தயப் பட்டி அணிவதானால் அதற்குரிய ஆசனமும் பொருத்துமுனைகளும் இருக்க வேண்டும். மடிப்பட்டியை இடுப்பெலும்பின் மேல் முதலில் இறுக்கி, அதன் பின்னரே தோள்பட்டியை இறுக்க வேண்டும். இருபது நிமிடம் ஓட்டினால் இறங்கி நடவுங்கள். இறங்கிய கையோடு குனிந்து சில்லுகளைத் தூக்காதீர்கள். வயிற்றுக்கும் இடுப்புக்குமான பயிற்சியை ஆண்டு முழுவதும் செய்யுங்கள். காலில் மரத்துப்போதலோ பலவீனமோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கலோ தோன்றினால் அது தசைப்பிடிப்பு அல்ல. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

‘விரும்பிச் செய்யும் பொழுதுபோக்கு, விரும்பியே தாங்கட்டும்’ என்பார்கள் சிலர். அப்படியானால் தலைக்கவசத்தை ஏன் கட்டாயமாக்கினீர்கள்? தலை உடைவது பலர் அறிய நடக்கிறது. முதுகு கெடுவது மறுநாள் காலை படுக்கையில், யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான். ஐரோப்பாவில் உழவு இயந்திரம் ஓட்டும் தொழிலாளியின் உடலில் ஏறும் அதிர்வுக்கு 2002ஆம் ஆண்டின் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. பணம் கொடுத்துக் குலுங்குபவருக்கோ எந்த எல்லையும் இல்லை.

பாதை நடத்துவோர் புகைபோக்கியின் இரைச்சலைக் கருவி வைத்து அளக்கிறார்கள். அயலவரின் காதுக்குக் காட்டும் அந்த அக்கறையில் சிறிதளவையேனும் ஓட்டுபவரின் முதுகுக்கும் காட்டட்டும். ஒவ்வொரு காருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அமரும் முறையைப் பார்த்துத் திருத்தி அனுப்பினால் போதும். அதற்கு எந்த விஞ்ஞானியும் தேவையில்லை. வலியைப் பெருமையாகப் பேசும் வழக்கத்தைக் கைவிடும் மனம் மட்டுமே தேவை.